பேய் பேசியது மட்டும்தான் புரிந்தது

1994 தை மாதம் எனக்குக் கல்யாணம். பொள்ளாச்சிக்குக் கிழக்கே பிறந்து வளர்ந்தவள், கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வாழ வந்தேன். வீட்டுக்குள் தமிழ்தான். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, தமிழ்வழிப் பள்ளிக்கூடங்களும் உண்டு. வாசற்படி தாண்டினால் பஸ் பலகையிலிருந்து ரேஷன் கார்டு வரை மலையாளம். வந்த இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரர் சித்தூருக்கு அழைத்துப் போய் ஒரு படம் காட்டினார். ‘மணிச்சித்திரத்தாழ்’. 1993 கிறிஸ்துமஸுக்கு வெளியாகி, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த படம்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சிரித்தபோது பின்தங்கிச் சிரித்தேன். கடைசிப் பகுதியில் ஷோபனா கண்ணை உருட்டிக்கொண்டு, தலைமுடி கலைந்து, தஞ்சாவூரிலிருந்து வந்த நாகவல்லியாகவே மாறிப் பேச ஆரம்பித்தார். தமிழ்! தியேட்டர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்து, “ஏனுங்க, இவள் நம் பேச்சுப் பேசுகிறாள்” என்றேன். “பேசுவது பேய். சத்தம் போடாதே” என்றார் அவர்.

அன்றைக்கு ஆரம்பித்த சந்தேகம் இன்னும் தீரவில்லை. மலையாளப் படத்தில் அந்தப் பெண்ணுக்குள் இருப்பவள் தமிழ் பேசினாள். அதே கதை 2005இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது ஜோதிகாவுக்குள் இருந்தவள் தெலுங்கு பேசினாள். அதற்கு முந்தைய வருடம் கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’விலும் தெலுங்குதான். 2007இல் இந்திக்குப் போனதும் வங்காளம். அதில் வங்காளம் பேசி மிரட்டிய வித்யா பாலன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்ப வழிவந்தவர் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். நான்கு மொழியிலும் ஒரு காரியம் மட்டும் மாறவில்லை. பேய் எப்போதும் அடுத்த ஊர்க்காரி. தன் வீட்டுப் பெண் தன் மொழியிலேயே தலைவிரித்து ஆடினால் யாரும் பயப்பட மாட்டார்கள் போலிருக்கிறது.

நான் சினிமா தெரிந்தவள் கிடையாது. தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷினுக்கு எதிரே சுவரில் ஒரு டிவி, பகல் முழுக்க ஓடும். கண் துணியில் இருக்கும், காது டிவியில் இருக்கும். முப்பது வருடமாக நான் படங்களைப் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம். அதனால் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் படும், சண்டையும் பாட்டும் அப்புறம். நாகவல்லிக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர், பேய் பிடிக்காமல் கங்காவாக இருக்கும் நேரத்துக் குரல்தான் மலையாள டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியுடையது என்று இயக்குநர் பாசில் 2016இல் சொன்னபோது, “அது வேறு குரல் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்” என்று கடையில் பெருமை அடித்துக்கொண்டேன். தெரியாது என்பதே உண்மை.

ஆனால் படத்தை எடைபோட என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கொக்கிக் கணக்கு. ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கி வைப்பேன். கையால் தைக்கிற வேலை, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து செய்ய ஏற்றது. ஒரு படம் முடிவதற்குள் மூன்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்துவிட்டேன் என்றால் அது மூன்று ஜாக்கெட் படம், அதாவது ஒன்றுமில்லாத படம். ஒரு ஜாக்கெட் முடிந்தால் பரவாயில்லை. ஊசி நடுவழியில் நின்று, நூல் விரலைச் சுற்றியபடியே மறந்துபோய் இருந்தேன் என்றால் அது நல்ல படம். விமர்சனத்தில் கொடுக்கிற நட்சத்திரத்தைவிட இது எனக்கு நம்பகமாக இருக்கிறது. நட்சத்திரம் கொடுப்பவர்கள் அந்த நேரத்தில் கையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொண்டிருப்பதில்லையே.

சீரியலுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. சீரியல் முழுக்கக் காதால் பார்க்க வேண்டியது. முகத்தை மூன்று தடவை காட்டி ‘டங் டங்’ என்று இசை போட்டால் யாரோ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டார்கள். வீணை வந்தால் மாமியார் மனம் இளகுகிறது. கைவேலை செய்பவர்களுக்கென்றே கடவுள் படைத்த கலை அது என்பேன், கேலியாகச் சொல்லவில்லை. கண் மங்கியவர்களுக்கும் அதுதான் துணை. என் அத்தைக்கு, மாமியாரைச் சொல்கிறேன், கடைசி ஏழெட்டு வருடம் பார்வை சரியில்லை. டிவிக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டுக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு சீரியலையும் விட்டதில்லை.

அத்தைக்கு உயிர் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’. தம்பிகளை வளர்ப்பதற்காகத் தனக்கென்று பிள்ளை வேண்டாம் என்று இருக்கும் அண்ணியின் கதை. அது 2018இல் தமிழில் ஆரம்பித்தது. இரண்டு வருடம் கழித்து அதே கதை ‘சாந்த்வனம்’ என்ற பெயரில் மலையாளத்தில் வந்தது. தனம் அங்கே தேவி, கதிர் அங்கே சிவன், முல்லை அங்கே அஞ்சலி. எதிர்வீட்டுச் சேச்சி அதில் விழுந்துவிட்டார். மாலையில் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்லுவார். அத்தை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு அது இரண்டு வருடத்துப் பழைய செய்தி. வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் அணை உடைந்துவிட்டது. அஞ்சலிக்கும் ஹரிக்கும் கல்யாணம் நடக்குமா என்று சேச்சி உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். “நடக்காது. பையன் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்வான். இவளை அவன் தம்பி தலையில் கட்டுவார்கள்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சேச்சி முதலில் சிரித்தார். அப்படியே நடந்த அன்று சிரிக்கவில்லை. மூன்று நாள் என் கடைப்பக்கம் வரவில்லை. கொடுத்திருந்த துணியை மகளை அனுப்பி வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் அத்தையே என்னைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். கொஞ்சம் சேமியாப் பாயசம் கையில். “கேட்டால் மட்டும் சொல்லுகிறேன்” என்று வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சேச்சியே வாரத்துக்கு ஒரு தடவை வந்து, “அம்மே, ஒரு காரியம் மாத்ரம் பறஞ்ஞால் மதி” என்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். சின்னவனுக்கு ஏதாவது ஆகுமா? ஆகாது. போதும். அந்த வாரம் நிம்மதியாகப் பார்க்கலாம். கதை முழுக்கத் தெரிந்துவிட்டால் சப்பென்று ஆகிவிடும், ஒன்றுமே தெரியாவிட்டால் தூக்கம் வராது. எவ்வளவு தெரிந்துகொள்வது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்யட்டும் என்று நான் அவர்களிடமிருந்துதான் கற்றேன். யாராவது படம் பார்த்துவிட்டு வந்து என் கடையில் கதை சொல்ல ஆரம்பித்தால், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்றா என்று முதலில் கேட்டுவிடுவேன்.

மலையாளம் எனக்கு டிவிதான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் நமக்குத் தெரிந்த வார்த்தைதானே என்று நம்பினால் அங்கேதான் பள்ளம் இருக்கும். ‘வெள்ளம்’ என்றால் அவர்களுக்குத் தண்ணீர், குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. என் அண்ணன் ஒரு சித்திரை மாதம் வந்திருந்தான். பாலக்காட்டு வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிவியில் ஒரு பெண், கணவனுக்கு ‘பனி’ என்று அழுதாள். “இந்த வேனலில் எங்கே பனி பெய்கிறது?” என்றான் அண்ணன். பனி என்றால் காய்ச்சல். புதிதாக மலையாளப் படம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் வீட்டுக்குள் நடக்கிற கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்களை, கல்யாணம், சொத்துத் தகராறு. என்ன பேசுவார்கள் என்று பாதி உங்களுக்கே தெரியும், மீதியைக் காது பிடித்துக்கொள்ளும். போலீஸ், கோர்ட் படங்களை அப்புறம் பார்க்கலாம்.

டப்பிங்கைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இரண்டு வருடம் முன்பு பிறந்தகம் போயிருந்தபோது, அண்ணன் மகன் போனில் ஒரு மலையாளப் படத்துக்கு டிக்கெட் எடுத்தான். ஆறு பேர், இரண்டு ஆட்டோ, பொள்ளாச்சி. படம் ஆரம்பித்ததும் கடலோர மீனவர் ஒருவர் வாயைத் திறந்து, வானிலை அறிக்கை வாசிப்பது போல் சுத்தமான தமிழில் தன் துக்கத்தைச் சொன்னார். உதடு ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது. பையன் எடுத்தது தமிழ் டப்பிங் காட்சிக்கு. படத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மொழி போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். அன்றைக்கு ஆறு டிக்கெட் காசில் படித்தேன். வீட்டிலும் அப்படித்தான். ஓடிடியில் நாம் ஒரு தடவை தமிழ் என்று வைத்துவிட்டால், பல படங்கள் அதுவாகவே தமிழ் டப்பிங்கில் ஓட ஆரம்பித்துவிடும். படம் ஓடும்போது திரையைத் தொட்டால் ஆடியோ என்று இருக்கும், அதில் மூல மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். புரியாவிட்டால் கீழே எழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குரலை மட்டும் மாற்றாதீர்கள். நடிப்பில் பாதி குரல்.

ரீமேக் வேறு விஷயம். அது துணியைப் பிரித்து வேறு உடம்பு அளவுக்குத் தைப்பது. சில சமயம் நன்றாகவே உட்காரும். ‘த்ரிஷ்யம்’ 2013இல் வந்தது, ‘பாபநாசம்’ 2015இல். இரண்டையும் எடுத்தவர் ஜீத்து ஜோசப். கேபிள் டிவி நடத்துகிற, படிப்பு ஏறாத, சினிமா பார்த்தே எல்லாம் கற்ற ஆள்தான் இரண்டிலும் நாயகன். மோகன்லால் கடைசிவரை எதையும் காட்டிக்கொள்ளாமல் வயிற்றுக்குள் வைத்திருப்பார். கமல்ஹாசன் உடைந்து அழுவார். என் வீட்டுக்காரருக்குக் கமல் அழுததுதான் பிடித்தது, “பெண்ணைப் பெற்றவன் அழாமல் என்ன செய்வான்” என்பார். எனக்கு மோகன்லால். இத்தனை பெரிய காரியத்தை மறைக்கிறவன் முகத்தையும் மறைக்கத் தெரிந்தவனாகத்தான் இருப்பான். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் பத்து வருடமாக நடக்கிறது, முடிகிற பாடில்லை. ஆனால் ‘பாபநாசம்’ படத்தில் எல்லாரும் திருநெல்வேலித் தமிழ் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. கொங்குக் காதுக்குச் சில இடம் மலையாளத்தைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் அடுத்தடுத்துப் பார்க்காதீர்கள். நடுவில் ஒரு வருடமாவது விட்டால் இரண்டாவதைப் படமாகப் பார்க்கலாம். அடுத்த வாரமே பார்த்தால் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற விளையாட்டாகிவிடும்.

முதல் நாள் முதல் காட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபர் 19இல் விஜய்யின் ‘லியோ’ வந்தது. தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன்னால் காட்சி கூடாது என்று அரசு சொல்லிவிட்டது, கேரளத்தில் விடிகாலை 4 மணிக்கே. முதல் நாள் இரவே அண்ணன் மகன் நண்பர்கள் ஐந்து பேரோடு வந்து என் வீட்டுக் கூடத்தில் படுத்தான். இரண்டரை மணிக்கு எழுந்து உப்புமா கிண்டிக் கொடுத்தேன். எட்டு மணிக்குத் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தார்கள். பாலக்காட்டுத் தியேட்டர் வாசலில் பாதி வண்டி தமிழ்நாட்டுப் பதிவு எண் என்றார்கள். “கதை என்ன கண்ணு?” என்றேன். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “அடுத்த வாரம் ஊரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அத்தை” என்றான். அவர்கள் கத்துவதற்குப் போனார்கள், கத்திவிட்டு வந்தார்கள், அதில் தவறு இல்லை. வசனம் கேட்க வேண்டும் என்று நினைக்கிற என் போன்றவர்களுக்கு இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் சரி. நல்ல படமாக இருந்தால் அதுவரை ஓடும்.

பேய்க்குத் திரும்ப வருகிறேன். தமிழ்ப் படத்தில் மலையாளி என்றால் வெகுகாலம் டீக்கடை நாயர்தான். மலையாளப் படத்தில் தமிழன் என்றால் ஆக்ரிக்காரன் (பழைய இரும்பு வாங்குகிறவன்), ரவுடி, ‘பாண்டி’ என்று கூப்பிடப்படுகிறவன். சேச்சியோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்தக் காட்சி வந்தால் அவர் என்னைப் பார்க்க மாட்டார், தமிழ்ப் படத்தில் சேட்டன் வந்தால் நான் அவரைப் பார்க்க மாட்டேன். முதலில் மாறியது 2015இல் ‘பிரேமம்’ வந்தபோது. சாய் பல்லவி நடித்த மலர் தமிழ்ப் பெண், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அவளைப் பார்த்து அந்தப் பையன் கிறங்கிப் போகிறான். அந்த ஓணத்துக்குக் கல்லூரிப் பெண்கள் லைன் கட்டி வந்து, வேலைப்பாடு எதுவும் இல்லாத சாதா ஜாக்கெட் கேட்டார்கள். கூலியில் எனக்கு நஷ்டம். ஆனாலும் மனதுக்கு ஒரு மாதிரி நன்றாக இருந்தது.

2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்ட கதை, 2006இல் நிஜமாக நடந்தது. அதில் மலையாளிகள் மலையாளமும் தமிழர்கள் தமிழும் பேசுகிறார்கள், எங்கள் ஊர்க் கடைத்தெரு போல. டப்பிங் இல்லாமலே தமிழ்நாட்டில் அப்படி ஓடியது. அதில் பையன்களை அடிக்கும் போலீஸ்காரரும் தமிழர், முன்னால் நின்று உதவுகிறவர்களிலும் தமிழர் உண்டு. எனக்கு அது கணக்குச் சரியாகப் பட்டது.

ஆனால் என் ஊசி நின்ற படம் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்தது, 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. வேளாங்கண்ணி போய்விட்டு பஸ்ஸில் திரும்பும் மலையாளிக் கூட்டம். மதியத் தூக்கம். மம்முட்டி எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, வயல் வழியே ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, ஒரு வீட்டுக்குள் தன் வீடு போல நுழைகிறார். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். தமிழ் பேசுகிறார். அந்த வீட்டில் காணாமல் போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். நான் அப்போது இரண்டாவது கொக்கியில் இருந்தேன். படம் முடிந்தபோதும் இரண்டாவது கொக்கியிலேயே இருந்தேன்.

அந்த வீட்டில் கண் தெரியாத ஒரு கிழவி இருக்கிறார். எந்நேரமும் டிவிக்கு முன்னால். பழைய தமிழ்ப் பட வசனம் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் காதால் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே என்னால் தாங்க முடியவில்லை. அத்தை போய் அப்போது வருடம் ஒன்றுகூட ஆகவில்லை. இங்கேயும் அதே சங்கதிதான், ஒருவர் உடம்பில் இன்னொருவர் புகுந்து பக்கத்து மொழி பேசுகிறார். ஆனால் பூட்டிய அறை இல்லை, சலங்கை இல்லை, மருத்துவரும் மந்திரவாதியும் வந்து ஓட்டவில்லை. ஊரே குழம்பிப்போய், சாப்பிடுகிற நேரம் வந்ததும் அவருக்கும் சாப்பாடு போடுகிறது. சேச்சிக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை, “கதை எந்தா?” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஜாக்கெட் அவருடையதுதான், ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தேன்.

அந்த வருடம் போய் அடுத்த வருடம் ஆகஸ்டில் ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டார்கள். என் வீட்டுக்காரர் தானாகவே டிக்கெட் எடுத்துவிட்டார், பாலக்காட்டில். இந்தத் தடவை முதல் காட்சியிலிருந்து எல்லாம் புரிந்தது. எல்லாரும் சிரிக்கும்போதே சிரித்தேன். நகைச்சுவை நடிகர் இன்னசென்ட் பேசும் ஒவ்வொரு வரியும் முப்பது வருடம் எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

என் வலது பக்கம் எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா. ஷோபனா எழுந்து நின்று தமிழில் ஆரம்பித்தார். சிறுமி அம்மாவைச் சுரண்டினாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தை என் பக்கம் திரும்பி, “ஆன்ட்டி, அவர் எந்தா பறயுன்னே?” என்றாள். குனிந்து அவள் காதில் ஒவ்வொரு வரியாக மலையாளத்தில் சொன்னேன். அவளை வெளியே போகவிட மாட்டேன் என்கிறார்கள், அதற்குத்தான் இந்தக் கோபம். அவள் ஆசைப்பட்டவனை யாரோ கொன்றுவிட்டார்கள். குழந்தை கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டிக்கு இதெல்லாம் எங்ஙனெ அறியாம்?” என்றாள்.

“அது என் பாஷைதான்” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.